லித்தியம், ஒருவகை உப்பு

கொப்பியில் நாற்பத்தோராம் பக்கம்:
இருமுனைக் கோளாறு. லித்தியம். அது ஓர் உப்பு.
இரத்தத்தில் இருக்கவேண்டிய அளவு
புள்ளி ஆறிலிருந்து ஒன்று.
கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு,
சோதனைக்கு வருமென்று நுஸ்ரத் சொன்னதால்.

உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் நான்.
ஊர்ப் பெயருக்குள் இருந்த சொல்
குளிசைக்குள்ளும் இருக்கும் என்று
அதுவரை நினைத்ததில்லை.

பங்குனியில் ஏழாம் கட்டிலுக்கு
யூஜின் அண்ணனைக் கொண்டுவந்தார்கள்.
நாலு இரவு நித்திரையில்லை.
கடனுக்கு மூன்று வள்ளம் பேசியிருந்தார்.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
புள்ளிமான்களை மறித்துவைத்து
சோடாப் போத்தலால் ஞானஸ்நானம் கொடுத்தாராம்.
ஒரு மானுக்கு வெரோனிக்கா என்று பெயர்.
நாங்கள் மருந்தறைக்குள் போய்ச் சிரித்தோம்.
அவருடைய மனைவி டெல்றோஸ்
தாலிக்கொடி யாரிடம் போனதென்று தெரியாமல்
வாங்கிலில் இருந்தா.

ஊசி. நித்திரை. பிறகு லித்தியம்.
மூன்றாம் கிழமை ஜன்னலடியில் நின்று சொன்னார்:
"மிஸ், கடல் இப்ப
வெறும் தண்ணியாக் கிடக்கு."
பக்க விளைவுகள் என்ற தலைப்பின் கீழ்
தாகம் இருந்தது, கைநடுக்கம் இருந்தது,
எடை கூடுதல் இருந்தது.
இது இல்லை.
நான் அவருடைய நாடியைப் பிடித்து எண்ணினேன்,
வேறென்ன செய்வதென்று தெரியாதபோது
நாங்கள் எல்லோரும் செய்வது அதுதான்.

ஆனியில் கச்சான் காற்று.
கிளினிக் வரிசை கொதித்துக்கொண்டிருந்தது.
யூஜின் அண்ணன் வந்தார்,
தரை வள்ளத்தின் அணியம் போல் ஆடுகிறதென்று
கால்களை அகட்டி அகட்டி வைத்து.
வரிசை சிரித்தது.
"காலமையே ஏத்திப்போட்டார்,
பேந்து வரச் சொல்லுங்கோ" என்றார் சிற்றூழியர்.

நான் கிட்டப் போனேன்.
வாயில் மணம் இல்லை.
கிளினிக் கொப்பியை நீட்டினார்,
ஒற்றைகள் எல்லாம் படபடத்தன,
அந்த மூலைக்குக் காற்று வருவதில்லை.
"ரெண்டு நாளா வயித்தால போகுது,
கடலால வந்தா ஒரே வேர்வை" என்றா டெல்றோஸ்.
"பிரஷருக்கு நல்லதெண்டு சொன்னாங்கள்,
கறிக்கும் உப்புப் போடுறதில்லை."

உப்பு வெளியேறினால் உப்பு ஏறும்.
அந்த வசனத்தை நான் பாடமாக்கியது
பஸ்ஸில், தூக்கத்தில், விளங்காமல்.
இப்போது அது என் முன்னால்
சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு நின்றது.

துணிச்சல் என்று யாரும் எழுதவேண்டாம்.
டொக்டரின் கதவில் என் குரல்
அவருடைய கையைவிட மோசமாக நடுங்கியது.
"சேர், வெறி இல்லை சேர், லித்தியம்."

இரத்தத்தில் இரண்டு புள்ளி மூன்று.
குளிசையை நிறுத்தி சேலைன் ஏற்றினார்கள்.
துளித்துளியாக இறங்கியதும்
உப்புத் தண்ணீர்தான்.
வாளியில் சிறுநீரை அளந்து
ஒவ்வொரு மணித்தியாலமும் எழுதினேன்.
நாலாம் நாள் தானாகவே தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தார்,
கொஞ்சம் சிந்தினார்,
சிந்தியதைத் தானே துடைத்தார்.

சோதனையில் அது வந்தது.
லித்தியம் நச்சாதலின் அறிகுறிகள், எட்டுப் புள்ளி.
தள்ளாட்டம், பெருநடுக்கம், வயிற்றோட்டம், குழறும் பேச்சு
என்று ஒழுங்காக எழுதினேன்.
வரிசை சிரிக்கும் என்று எழுதவில்லை.
அதற்குப் புள்ளி இல்லை.

துண்டு வெட்டும் நாள் டெல்றோஸ் கேட்டா:
"மிஸ், கறிக்கு எவ்வளவு உப்பு?"
"முந்திப் போட்ட அளவு.
கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.
தண்ணி நல்லாக் குடிக்கட்டும்.
வயித்தால போனா உடனே வாங்கோ."
இவ்வளவும் கொப்பியில் உண்டு.

யூஜின் அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்:
"அப்ப, கடலுக்கு?"

டெல்றோஸ் என்னைப் பார்த்தா.
நான் அடுத்த திகதியை
இரண்டு தரம் எழுதினேன்.