முள்ளில் மிச்சம்

அக்டோபர் இரண்டாம் வாரம். மூன்று நாளாய்க் கிழக்குக் காற்று.
கடையின் பின்பக்கம், காலிப் பால் கூடைகளுக்கும்
குப்பைத் தொட்டிக்கும் நடுவே
யாரும் வெட்டாத முட்செடியில்
அது வந்து உட்கார்ந்திருக்கிறது.
எனக்குத் தெரியாது.
நான் அட்டைப்பெட்டிகளை மிதித்துக்கொண்டிருந்தேன்.

பார்த்தவர் நெவில்.
தபால்தலை வாங்க வந்தவர்
கதவிடுக்கில் கண்ணை வைத்து, சில்லறையை மறந்து,
"அசையாதே" என்றார்.
என் கடையில், என்னிடம்.

அரை மணியில் ஏழு பேர்.
மதியத்துக்குள் தெரு முழுக்கக் கார்கள்,
ஹல்லிலிருந்து, லீட்ஸிலிருந்து.
கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து வந்தவன் ஒருவன்
கோட்டில் குத்திய பூவோடு நின்றான்.
கோயில் வரிசை போல என்று சொல்லலாம்,
தள்ளுமுள்ளு மட்டும் இல்லை.
ஒருவர் குனிந்து தொலைநோக்கியில் பார்த்து,
நன்றி சொல்லி விலகி,
மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

எந்த இனம் என்பதில் சண்டை.
முதுகு சிவப்பா, பழுப்பா?
சிறகு நுனியில் தெரிகிற இறகுகள் ஐந்தா, ஏழா?
வாலின் ஓர இறகு எவ்வளவு குட்டை என்று
விரலிடுக்கில் காற்றை அளந்து காட்டினார்கள்.
பெட்ரா என்ற பெண் மட்டும் வாதாடவில்லை.
எச்சம் விழட்டும், ஆய்வகம் சொல்லும் என்றாள்.
நாலரை மணிக்கு
தொட்டி மூடியில் விழுந்தது,
ஒரு பவுண்டு நாணயம் அளவுக்கு, வெள்ளையாய்.
வங்கிக்குச் சில்லறை கட்டும் பை ஒன்று கொடுத்தேன்.
ஐஸ் குச்சியால் வழித்தெடுத்தாள்,
மூச்சை அடக்கிக்கொண்டு.

தேவாலயக் கூரைக்கு என்று எழுதி
யாரோ ஒரு வாளி வைத்தார்கள்.
என் வாளிதான். தரை துடைப்பது.

"உங்கள் ஊரில் இது சாதாரணம், இல்லையா?"
நெவில் நல்ல மனிதர்.
"சைபீரியாவில் பிறக்கிறது. குளிர்காலம் முழுக்க உங்கள் பக்கம்தான்.
இது இந்த வருடத்துக் குஞ்சு. முதல் பயணம்.
உள்ளே இருக்கும் திசைமுள் தலைகீழாகிவிட்டது."
எனக்குத் தெரிந்த பறவை காக்கை;
மீன் சந்தையில் என்றால் பருந்து.
பரீட்சை, பரீட்சை என்று ஓடியதில்
நான் அண்ணாந்ததே இல்லை.
"தினமும் பார்ப்போமே. கீச்சான் என்போம்" என்றேன்.
போனில் அப்போதுதான் தேடிய பெயர்.
"கீச்..." என்று தொடங்கி, முடிக்க வராமல்,
அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

இனி எங்கே போகும் என்று கேட்டேன்.
பதில் இல்லை.
இந்தக் கரையில் நிலமே நிற்பதில்லை.
போன வருடம் கார் நிறுத்திய இடத்தில்
இப்போது கடல்.
அதற்கு அப்பால் மேற்கே இங்கிலாந்து, அயர்லாந்து,
பிறகு வெறும் தண்ணீர்.
பெட்ரா தொலைநோக்கிக் கண்ணாடியைத்
துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

அன்றிரவு மேகம் விலகி நட்சத்திரம் தெரிந்தது.

காலையில், கடை திறக்கும் முன்,
கார்ன்வாலிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்த ஜாகோ
கண்ணாடியைத் தட்டினார்.
சாலையோரம் நின்ற நெவில் தலையை மட்டும் அசைத்தார்.
போய்விட்டது என்பதற்கு
இவர்களுக்குள் வார்த்தை தேவைப்படுவதில்லை.

பாவமாக இருந்தது. பின்பக்கம் கூட்டிப் போனேன்.
முட்செடியில், மார்பு உயரத்தில்,
மஞ்சள் பட்டை போட்ட குண்டு வண்டு ஒன்று.
முள் முதுகில் ஏறி வயிற்றில் வெளியே வந்திருந்தது.
அப்புறம் தின்னலாம் என்று குத்தி வைத்தது.
ஒரு இறக்கை ஆடியது. காற்றில்தான்.

ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டு
வெறுங்கண்ணால் பார்த்தார் ஜாகோ.
நிறைய நேரம்.
வண்டெல்லாம் கணக்கில் வராதாம்.
குறிப்பேட்டை எடுக்கவில்லை.
பால் வாங்கினார், இரண்டு பேட்டரி,
வாளி எங்கே என்று கேட்டு
ஐந்து பவுண்டு போட்டார்.

வியாழக்கிழமை வேலி வெட்டும் ஆள் வந்தான்.
அந்தச் செடியை மட்டும் விடு என்றேன்.
ஏன் என்றான்.

உள்ளே சரக்கு இருக்கிறது என்றேன்.