அளவுக்கு ஆட்கள்

ஆறு ஏக்கர்.
பாடாங் செராய் பழைய பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால்
கூரை போன புகைக்கூடம், அகலமான ஒரு சாக்கடை,
அதன் கரையில் யாரும் நடாமலே வந்த மூன்று பப்பாளி.
முதுகலை இரண்டாம் ஆண்டுக்கு இதுதான் என் தளம்.
அளந்துவிட்டேன்: மேற்கிலிருந்து கிழக்குக்கு
இரண்டே கால் மீட்டர் சரிவு.
மழைக்கு இது முன்பே தெரியும்.

அம்மாவுக்குக் கையுறை ஆலையில் இரவு வேலை.
எனக்கும் இரவு வேலைதான்,
சம்பளத்தை மட்டும் நான் கட்டுகிறேன்.
காலை ஏழே காலுக்கு ஆலை பஸ் அவளை இறக்கிவிடும்போது
எண்பத்தொரு விழுக்காட்டில் நின்றுபோயிருக்கும் என் பூங்கா.
மடிக்கணினியின் சூட்டைத் தொட்டுப் பார்த்து
"இன்னும் புல்லு முளைக்கலையா?" என்பாள்,
மாவு வெளுத்த விரல்களால் பிளாஸ்கைத் திறந்தபடி.

வரைபடத்துக்குள் மனிதர் வேண்டும்.
இல்லாவிட்டால் மரம் எவ்வளவு உயரம் என்று யாருக்கும் புரியாது.
இலவசமாகவே கிடைக்கிறார்கள், பின்னணி நறுக்கப்பட்டு:
கழுத்தில் கம்பளி சுற்றிய ஒருத்தி,
ஒல்லி நாயைப் பிடித்த ஒருவன்,
எப்போதும் அதே பலூனோடு ஒரு குழந்தை.
ஹுவெய் ஷானின் ஆற்றங்கரையிலும் அந்த நாய்தான்,
ஃபாயிசாவின் மருத்துவமனை முற்றத்திலும் அந்த நாய்தான்.
எங்கள் எல்லோருக்கும் முன்னால் துறையில் சேர்ந்தது அது.
சீனியர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இடைக்கால மதிப்பீட்டில் டாக்டர் நோராய்னி
என் வடிகாலைக் கேட்கவில்லை, சரிவைக் கேட்கவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
"இந்த ஊரில் கம்பளி போடுவது யார்?" என்றார்.
அவ்வளவுதான். அடுத்த மாணவர்.

கேமராவோடு ஊருக்கு வந்தேன்.
ரொட்டிக்கடை ஜமாலுதீன் வயிற்றை உள்ளிழுத்து நின்றார்.
நம்பர் கடை அக்கா முதுகை மட்டும் கொடுத்தார்.
பள்ளி விட்டு வந்த இரண்டு பையன்கள் குதித்தார்கள்,
தரை தொடாதவர்களை வெட்டியெடுப்பது சுலபம்.
சீருடையில் அம்மா: ஒரு மீட்டர் ஐம்பத்திரண்டு.
இத்தனை நாள் அவளை உயரம் என்றே நினைத்திருந்தேன்.

செம்பனைக் குலை அறுக்கும் மொஃபிசுல்
துரட்டியைத் தோளில் சாய்த்து வந்தார்.
படச் சட்டத்துக்குள் அது அடங்கவில்லை.
"கீழே வைங்க" என்றேன்.
வைத்தார். ஆள் பாதியாகிவிட்டது போலிருந்தது.
"சரி, எடுத்துக்கங்க."
நாங்கள் பேசியதெல்லாம் பாசார் மலாய்,
என்னுடையதைவிட அவருடையது வேகமானது.

அன்றிரவு அவரைச் சுற்றி வெட்டினேன்.
தலைமுடிக்கு ஒரு மணி நேரம்,
துரட்டிக்கு ஒரு நிமிடம்.
பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினேன்,
பதினெட்டு மீட்டர் விரிந்த குடை,
நிழலின் ஓரத்தைக் கொஞ்சம் நீலமாக்கி.

அச்செடுத்ததை ரொட்டிக்கடை மேசையில் விரித்தபோது
தன்னை உடனே கண்டுபிடித்தார்.
"இந்த மரம் எங்கே இருக்கு?"
"இனிமேல்தான் நடணும்."
"நிழல் எப்போ வரும்?"
"இருபது வருஷம் ஆகும்."
பர்மிட்டுக்கு இன்னும் பதினொரு மாசம் என்று
விரல் மடக்கிச் சிரித்தார்.
பிறகு போனை எடுத்துப் படத்தைப் படம் எடுத்தார்,
எங்கோ அனுப்பினார்,
கொஞ்ச நேரம் வங்காளத்தில் பேசினார்.
"வீட்டில் என்ன சொன்னீங்க?"
"மத்தியானத்தில் இங்கேதான் உட்காருவேன் என்று."

தே தாரிக் ஆறி ஏடு கட்டியது.
நான் ஒன்றும் திருத்தவில்லை.

இறுதிச் சமர்ப்பிப்புக்கு நான்கு நாள்.
செடிப் பட்டியலின் முதல் வரியில்
ஏற்கெனவே உள்ளவை என்று எழுதி
மூன்று பப்பாளியைச் சேர்த்தேன்.
தூங்குமூஞ்சியை அழிக்க மனம் வரவில்லை,
புள்ளிக்கோடாக்கி வைத்திருக்கிறேன்.
ஒன்றுக்கு நூறு அளவில்
மொஃபிசுலை நடுப் பப்பாளிக்கு நகர்த்தினேன்.
உச்சி வெயிலில் அதன் நிழல் ஒரு மீட்டர் இருபது.
குந்தினால் ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கும்.
துரட்டி பாதி வெயிலில் கிடக்கிறது.

வெளியே பஸ் பிரேக் அடிக்கும் சத்தம்.
எண்பத்தொன்று.