நூறு கிலோமீட்டர்

ஜனவரி ஒன்று. மின்கட்டண ரசீதின் பின்புறம்
தூரே எழுதினான்:
இந்த வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால்
விளைந்த எதுவும் இனி நம் தட்டுக்கு வராது.
கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன்.
மூன்று வயது ஹில்லா சிவப்பு மெழுகுக்குச்சியால்
ஒரு மீனையோ மேகத்தையோ வரைந்தாள்.
ஓவ்லு நகரத்தில் அன்று
பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்து மூன்று.
கண்ணுக்கெட்டிய தூரம்வரை
விளைந்திருந்தது பனி மட்டும்தான்.

முதல் திருத்தம் மறுநாள் காலை ஏழு மணிக்கு:
காப்பி நீங்கலாக.
விவாதம் நடக்கவில்லை.
அவன் பென்சிலை நீட்டினான், நான் எழுதினேன்,
இருவரும் குடித்தோம்.

ஐந்தாம் தேதி, சும்மா இருக்காமல்,
உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தொலைத்தேன்.
பொட்டலத்தைத் திருப்பிப் படித்தோம்.
வாசலில் கடல் இருக்கிறது, அதில் உப்பில்லை.
ஆறுகள் கலந்து கலந்து
குடிக்கலாம் போல ஆகிவிட்ட கடல்.
இரண்டாம் திருத்தம்.

பிறகு லாந்து.
மண்ணெண்ணெய் நிறத்தில், தலையளவு கனத்தில்
ஒரு கிழங்கு.
வேகவைத்த லாந்து, மசித்த லாந்து,
லாந்து சீவல், லாந்து சூப்,
நேற்றைய லாந்துக்குள் ஒளிந்திருந்த
முந்தாநாளைய லாந்து.
பிப்ரவரியில் தூரே அதனோடு பேச ஆரம்பித்தான்.
‘வா’ என்பான், கத்தியை எடுத்துக்கொண்டு.

கீழ்வீட்டு எர்க்கோ பனிக்கட்டியில் துளையிட்டு
ஸார்கி மீன் பிடிப்பவர்.
ஒரு கவளத்துக்கு ஒன்பது முள்,
அதனால் யாரும் வாங்குவதில்லை.
ஒரு வாளி கேட்டேன்.
‘பூனை எப்போது வாங்கினீர்கள்?’ என்றார்.
எங்களுக்குத்தான் என்றேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
காசு வேண்டாம் என்றார்.
மெல்லிய சூட்டில் எட்டு மணி நேரம்.
முள் கரைந்தது. மாவு போல, வெண்ணெய் போல.
கம்பு ரொட்டியில் தடவி
மூவரும் விரல் நக்கினோம்.
அந்த எட்டு மணி நேரம்
அடுத்த ரசீதில் வந்தது.

மார்ச்சில், ஒரு புதன்கிழமை,
காப்பகத்திலிருந்து கூட்டிவந்த ஹில்லாவின்
கம்பளித் தொப்பியைக் கழற்றக் குனிந்தேன்.
அவள் மூச்சில் வாழைப்பழம்.

‘என்ன சாப்பிட்டாய் இன்று?’
‘லாந்து’ என்றாள்.

கண் இமைக்கவில்லை.
என் மகள் என்னிடம் சொன்ன முதல் பொய்.
அவ்வளவு இனிமையாக மணந்தது.

இரவு அவள் தூங்கிய பின்
சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்றோம்.
குளிர்பெட்டிக் கதவில் எங்கள் ரசீது,
தெருவிளக்கில் அந்தச் சிவப்பு மீன்.
‘பொய் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது?’
என்றான் தூரே.
நான் சிரிக்கவில்லை.
என் அம்மா சீட்டுகளை ஒளித்துவைத்த டப்பா,
அவள் எதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள்,
நான் எதையெல்லாம் திருடினேன் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஹில்லாவிடம் சொன்னேன்:
காப்பகத்தில் கொடுப்பதைச் சாப்பிடலாம்.
வாழைப்பழம்கூட.
அவள் யோசித்தாள்.
‘அது தூரத்துப் பழம்’ என்றாள், கண்டிப்பாக.
‘ஆமாம்.’
‘களைத்துப்போயிருக்கும்.’
‘இருக்கலாம்.’
‘அதனால்தான் சீக்கிரம் சாப்பிட்டேன்.’

ரசீதில் இதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.
இடமும் இல்லை. ஏப்ரலுக்குள்
ஓரங்களெல்லாம் பென்சில்:
மிளகு, மாமியார் வரும் நாட்கள்,
காய்ச்சல் வந்தால் ஆரஞ்சு.
நடுவில் மட்டும் அந்த ஒரு வாக்கியம்
அடிபடாமல் இருந்தது.
அடிக்க இருவருக்கும் கை வரவில்லை.
கடைசி லாந்தைச் சாப்பிட்டபோது
கொஞ்சம் துக்கமாகக்கூட இருந்தது.

மே மாதம், எர்க்கோவின் கொட்டகை ஓரம்,
அழுக்குப் பனியை முட்டிக்கொண்டு
ருபார்ப்.
குழந்தை முஷ்டி போலச் சிவந்து, சுருங்கி.
இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார் எர்க்கோ.
எங்களால் முடியவில்லை.
மூன்று தண்டு ஒடித்து, படிக்கட்டில் உட்கார்ந்து,
கிண்ணத்தில் தொட்டுத் தொட்டுக் கடித்தோம்.
புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.
ஹில்லா உடம்பெல்லாம் சிலிர்த்து
‘இன்னொன்று’ என்றாள்.
இருபத்தேழு மீட்டர். தூரே அடியால் அளந்துவந்தான்.

சர்க்கரைப் பொட்டலத்தை
யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.