பெரிய ற

காவேரிப்பட்டினத்தில் ஜூன் மாத இரவுக்கு
கொதிக்கிற மாங்கூழின் வாசனை.
எடைமேடை அறையில் ஈக்கள் உண்டு, நான் உண்டு,
மூன்று நாளாய்ப் பூஜ்யம் காட்டும் ஒரு திரை உண்டு.

டோக்கன் நூற்றுப் பதினேழு.
நாகோஜனஅள்ளி சாக்கம்மாவின் டெம்போ,
பெங்களூரா, மழையில் நனைந்த லோடு.
ரசீதில் நிகர எடை 0.
"காத்தையா ஏத்திக்கிட்டு வந்தேன்?"

மேலாளர் ஜோதிலிங்கம் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார்.
பூஜ்யம் விழுந்த பதினொரு லோடும்
முனிவெங்கடனின் இரவு ஷிப்டில் விழுந்தவை.
"காலையில கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்."
முனிவெங்கடன் வாசலில் நிற்கிறான்
எடைமேடைமேல் நிற்பவன்போல அசையாமல்.

நிரலைப் பாதியில் நிறுத்தினேன்,
அந்த லோடு இன்னும் நினைவகத்தில் இருக்கும்போதே.
பைத்தானில் ஒரு பொருளிடமே கேட்கலாம்,
உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று.
டிர் என்று அடித்து, அடைப்புக்குறிக்குள் அதன் பெயர்.
தாலுகா ஆபீசில்கூட இவ்வளவு நேராய்ப் பதில் வராது.

முதலில் வந்தவை
முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டவை,
நான் வைக்காத பெயர்கள், பிறவியிலேயே ஒட்டிக்கொண்டவை.
தாண்டினேன்.
பிறகு நான் வைத்தவை, தமிழில்.
எடைமேடைப் பையன்களும் படிக்கட்டுமே என்று
போன வருடம் ஒரு ஆசை.

ஈரம்
கழிவு
டோக்கன்
நிகர_எடை
நிகற_எடை
மொத்த_எடை

கீழே போன கண் மேலே திரும்பியது.
பெயர் போதாது, மதிப்பும் வேண்டும்.
வார்ஸ் என்று கேட்டேன்.
நிகர எடை: 0.
நிகற எடை: 3420.

தொலையவில்லை.
மூன்று டன்னும் நானூற்று இருபது கிலோவும்
பக்கத்து வீட்டில்தான் இருந்திருக்கிறது,
பெரிய ற போட்ட கதவுக்குப் பின்னால்.
இல்லாத பெயரில் எழுதினால் பைத்தான் சண்டைக்கு வராது.
சரி என்று புதிதாய் ஒன்றைத் திறந்துகொள்ளும்.
பழையது பூஜ்யத்தோடு உட்கார்ந்திருக்கும்.

என்ன இருக்கிறது என்று சொல்லும் பொருள்
யார் வைத்தது என்று சொல்வதில்லை.

ஈரக் கழிவுக்கான அந்த நான்கு வரி
போன வாரம் ஓசூர் பஸ்ஸில், மடிமேல் வைத்து,
நான் அடித்தது.
சாயங்கால மழையில் நனைந்ததெல்லாம் இரவில்தான் வரும்,
அவன் ஷிப்டில்.

ஓர் எழுத்தை மாற்றிவிட்டு
சர்வர் கோளாறு என்றால் முடிந்தது.
விரல் விசைமேல் இருந்தது.
தோளுக்குப் பின்னால் மூச்சு.
முனிவெங்கடன் உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இங்க சின்ன ர தானே வரணும்?"

"ஆமா."
"யார் போட்டது?" என்றார் ஜோதிலிங்கம்.
பாய்லர் ஒருமுறை ஊதி ஓய்ந்தது.
"நான்தான் சார்."

சாக்கம்மாவுக்குப் புது ரசீது அச்சானது.
மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு
யாருக்கும் நன்றி சொல்லாமல் டெம்போ ஏறினார்.

மீதிப் பத்து லோடு நினைவகத்தில் இல்லை.
வேலை முடிந்த பொருளைப் பைத்தான் வைத்திருக்காது.
சேமிப்பில் எல்லாம் பூஜ்யம்.
அதையும் சொன்னேன்.

முனிவெங்கடன் சட்டைப்பையிலிருந்து
வியர்வையில் நனைந்த ஒரு சிட்டை நோட்டை எடுத்தான்.
வண்டி எண், ரகம், மொத்தம், காலி வண்டி.
பத்தும் இருந்தது, பென்சிலில்.

"முதல் பூஜ்யம் விழுந்ததுமே எழுத ஆரம்பிச்சேன்" என்றான்.
"கேட்டா காட்டலாம்னு."