கொத்தான்

குச்சவெளி மணலில்
நில அளவைக்காரர் சங்கிலியை இழுக்க
கொத்தானும் கூடவே வந்தது.
மஞ்சள் நூல்.
இலை இல்லை, மண்ணில் கால் இல்லை.

"இதுக்கு வேர் எங்க?"
காரைப் பற்றையை விலக்கிக் காட்டினாள் இராசமலர்:
கிளைத் தோலில் பதிந்த
கடுகளவு வாய்கள்.
முளைக்கும்போது ஒரு வேர் இருந்ததுதான்;
பற்றை கையில் அகப்பட்டதும்
அதைக் கைவிட்டுவிட்டது.

"உறுதி எங்க?"
அதற்கு அவள் பேசவில்லை.
அவர் கொப்பியில் எழுதினார்:
பற்றைக்காடு. ஆளில்லை.

குந்தியிருந்து உரிக்கத் தொடங்கினாள்.
காரையின் தோலும் சேர்ந்தே கழன்றது.
முழங்கையளவு ஆழத்தில்
அப்பு நட்ட எல்லைக்கல்.

கல்லையும் சுற்றியிருந்தது கொத்தான்,
ஏழெட்டுச் சுற்று,
குடிக்க ஒன்றுமில்லாமல்
செத்து.