மாண்புமிகு சாட்

முதல் விதியே இதுதான்:
நான் என்று சொல்லக் கூடாது.
பசித்தாலும், ஏசிக் குளிரில் பல் கிட்டினாலும்
"இந்தப் பிரதிநிதி" என்றே தொடங்க வேண்டும்.

சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தது சாட்.
"பானிபூரி விக்கிற நாடா?" என்றான் அண்ணன்.
ஆப்பிரிக்காவின் நட்டநடுவில்,
எந்தப் பக்கம் நடந்தாலும் சீக்கிரம் கடல் வராத நாடு.
ஓர் ஏரி இருக்கிறது, அதுவும் சுருங்கிப்போய்.
குழுவின் பெயரோ கடல்வளப் பாதுகாப்பு.
காசிமேட்டிலிருந்து 6டி பிடித்து
கடல் இல்லாதவர்களுக்காகப் பேச
அடையாறு போனேன்.

கோட்டு, பெனாசிரின் அண்ணனுடையது.
மார்பில் ஏதோ விமானப் பயிற்சி மையத்தின் முத்திரை.
அதன்மேல் அடையாள அட்டையைக் குத்தி,
அட்டை சாயும்போதெல்லாம்
கையால் மறைத்துக்கொண்டேன்.
பிரான்ஸுக்கு இது பதினோராவது மாநாடு.
தலைவர் நிவேதன், வயது பதினெட்டு,
சொந்தச் சுத்தியல் வைத்திருந்தார்.

முதல் நாள் நான் பேசவில்லை.
மன்னிக்கவும்.
பிரதிநிதி பேசவில்லை.

இரண்டாம் நாள் எழுந்தேன்.
கரையில்லாத நாட்டுக்கும் கடலில் உரிமை உண்டு,
சட்டத்திலேயே இருக்கிறது என்றேன்.
இங்கிலீஷ் ஒருமுறை வழுக்கி
"வலை" என்று வாயில் வந்துவிட்டது.
யாரும் சிரிக்கவில்லை.
நார்வே துண்டுச்சீட்டு அனுப்பினாள்:
அந்தச் சொல்லுக்கு ஸ்பெல்லிங் என்ன?

இருபது நிமிடம் கலைந்து பேசலாம் என்றதும்
அறை, விடியற்காலை ஏலக்கூடமானது.
ஐஸ் மட்டும்தான் இல்லை.
அந்த இரைச்சலில் எப்படி நிற்பதென்று எனக்குத் தெரியும்.
பராகுவே, மங்கோலியா, நேபாளம்...
கடல் காணாத ஒன்பது பேரைச்
சுவரோரம் சேர்த்துவிட்டேன்.

மதியம் மீன் வறுவல்.
முள்ளும் இல்லை, வாசமும் இல்லை.
பரிமாறியவர் சொன்னார்,
"பாசாம்மா. வியட்நாம் சரக்கு.
இங்கதான் தடைக்காலமாச்சே."
பின்னால் தட்டோடு நின்ற வியட்நாம்
சைவம்.

பிறகு பிரான்ஸின் தீர்மானம்.
இப்போதிருக்கும் தடைகள் போதாது,
எல்லாக் கரைகளிலும்
ஆண்டுக்குத் தொண்ணூறு நாள்.

அறுபத்தொன்றே எங்கள் வீட்டில் எப்படிக் கழிகிறது,
முப்பத்து மூன்றாம் நாளான இன்று
அம்மாவின் கம்மல் எங்கே இருக்கிறது,
சொல்ல ஒரேயொரு வார்த்தை வேண்டும்.
அந்த வார்த்தைக்குத்தான் தடை.

சாட்டின் நிலைப்பாட்டை நாலு ராத்திரி
உட்கார்ந்து எழுதியதும் நானே.
மீன் எல்லோருக்கும் மிஞ்ச வேண்டும்.
குஞ்சுக்கு வளர நாள் வேண்டும்.
திரும்பப் படித்தேன். தப்பில்லை.
அதுதான் கஷ்டம்.

பெயர் கூப்பிட்டார்கள்.
அட்டையைத் தூக்கினேன்.
என்னைப் பார்த்து ஒன்பது அட்டைகள் எழுந்தன.
ஒரே வாக்கில் நிறைவேறியது.
பிரான்ஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.
தலைமுடியில் நல்ல ஷாம்பூ வாசம்.

வீட்டு வாசலில் அப்பா
விசைப்படகின் இன்ஜெக்டரைப்
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.
"இன்னா முடிவாச்சு?"
"தடை தொண்ணூறு நாள்."
"யாரு கை தூக்குனது?"
"சாட் நாட்டுப் பிரதிநிதி."
பிரஷ்ஷை டீசலில் முக்கினார்.
இன்னொரு முறை முக்கினார்.
"சோறு போட்டாங்களா?"

கரண்ட் போனது.
பையிலிருந்து சாட் நாட்டை எடுத்து
அப்பாவுக்கு விசிறினேன்.
கெட்டி அட்டை.
நல்ல காற்று.