எண்ணிக்கை

முதல் சண்டை நாற்காலிகளில்தான்.
சார்ஜென்ட் வரிசையாகப் போட்டுவிட்டுக் காபி பிடிக்கப் போவார்.
திரும்புவதற்குள் பிளெட்சோ வட்டமாக்கியிருப்பார்.
அந்த ஜனவரியில், வியாழன்தோறும்,
ஆக்ரனில் எங்கள் ரப்பர்க் குழாய்த் தொழிற்சாலையின் கேன்டீனில்
இரும்புக் கால்கள் தரையைக் கீறும் சத்தத்தோடு
பயிற்சி தொடங்கும்.

வேற்றுமையை மதிப்போம் என்றது சுவரொட்டி.
வழக்கு வராமல் பார்த்துக்கொள்வோம் என்று
அதில் எழுதாததையும் படித்தோம்.

சார்ஜென்ட் வெல்டா ஸ்ட்ராடர்:
ஜெர்மனியில் ஒரு படைமுகாமில், கறுப்பரும் வெள்ளையரும்
பெல்ட் கொக்கியால் மண்டை உடைத்துக்கொண்ட குளிர்காலத்தில்
இரு தரப்பையும் ஒரே அறையில் அடைத்துச்
சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்ட அம்மாள்.
லூஷியஸ் பிளெட்சோ அலபாமாக்காரர். பதினேழு வயதில்
பரிமாற மறுத்த கடையொன்றில்
ஒரு கோப்பை காபிக்காக நாள் முழுக்க உட்கார்ந்தவர்.
எழுந்து நில் என்று இருபத்திரண்டு வருடம் சொன்னவரையும்
எழுந்திரு என்றபோது எழாதவரையும்
ஒரே வாடகைக் காரில் ஏற்றி அனுப்பியது
எந்தப் புண்ணியவானோ.

"மனம் மாற வேண்டும்" என்பார் பிளெட்சோ.
"மனம் அவனவன் சொந்தச் சொத்து.
கை என் கண்ணில் படும்படி இருந்தால் போதும்" என்பார் சார்ஜென்ட்.
நாங்கள் கடிகாரம் பார்ப்போம்.

அச்சுப் பிரிவு கிளெட்டஸ் ஒருநாள் கேட்டான்:
"உங்களுக்கு மணிக்கு எவ்வளவு?"
இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.
இரண்டும் வேறு வேறு தொகை.
அன்றுதான் முதல்முறையாக எல்லோரும் சிரித்தோம்,
சார்ஜென்ட் தவிர.

மூன்றாவது வியாழன், தீ மணி.
பொய் மணிதான், பிறகு தெரிந்தது.
பனி கொட்டும் வண்டி நிறுத்தத்துக்கு வெளியேறி
யாரும் சொல்லாமலே பிரிந்து நின்றோம்.
கலவைப் பிரிவு வேலியோரம்,
கழுவினாலும் போகாத கரியோடு.
அலுவலகம் கொடிக்கம்பத்தடியில்.
ஐந்து நிமிடம் முன்பு வட்டமாக இருந்தவர்கள்தாம்.
பிளெட்சோ வாய் திறந்தார். ஆவிதான் வந்தது.

சார்ஜென்ட் தலை எண்ணினார்.
பழக்கம். உதடு அசையாது, விரல் மட்டும்.
நாற்பத்தொன்று.
என் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தார்.
நாற்பத்தொன்று.
"சரியில்லையே" என்றார். "தரை ஈரமாக இருந்ததே.
துடைத்தது யார்?"

சம்பளக் கணக்கு என் வேலை.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துமிருந்தது.
ஒப்பந்தக் கம்பெனியின் ரசீதில் 'சேவை' என்று வரும்,
மாப்பும் பினாயிலும் ஆளும்
ஒரே வரியில்.

"யாரும் உள்ளே போகக்கூடாது!" சார்ஜென்ட் கத்தினார்.
பிளெட்சோ போய்க்கொண்டிருந்தார்.
இடது காது அவருக்குக் கேட்காது,
அந்தக் காபிக் கடையில் விழுந்த அடி.
கேட்டிருந்தாலும் போயிருப்பார்.

கம்ஃபூய் மஞ்சள் கையுறையோடு வந்தார்.
மெக்கோங்கைக் கடந்து வந்தவர்,
ஆறு வருடமாக எங்கள் கழிவறையைக் கழுவுகிறவர்.
பெயரை அன்றுதான் கேட்டோம்.
மணி அடித்தது கேட்டதாம்.
"உங்களுக்கான மணி என்று நினைத்தேன்" என்றார்.

அவர் எந்தக் கூட்டத்தோடு நிற்பது?
வேலியோரமும் அழைக்கவில்லை, கொடிக்கம்பமும் அழைக்கவில்லை.
நடுவில், பனியில் நின்றார்.
சார்ஜென்ட் பக்கத்தில் போய் நின்று
உரக்கச் சொன்னார்:
"நாற்பத்திரண்டு."

திரும்பி வந்ததும் சார்ஜென்டே நாற்காலிகளை இழுத்தார்.
"உனக்குக் கேட்கிற பக்கம் எது?"
"வலது."
"மூன்று வாரமாக இதைச் சொல்ல என்ன கேடு?
ஏதோ கொள்கை என்றல்லவா சண்டை போட்டேன்."

பட்டியலில் ஒரு பெயர் சேர்க்கக் கேட்டு
மேலிடத்துக்கு எழுதினேன்.
பதில் வரவில்லை.
கடைசி வியாழன், நாங்களாகவே
ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டோம்.
கம்ஃபூய் வந்து
அதைத் துடைத்துவிட்டுப் போனார்.